கேட்டுவிட்டுத் தருகிறேன்

போதைக்காக நீட்டப்படும் மருந்துச் சீட்டை எப்படி மறுப்பது? மறுக்கும் பொறுப்பு யாருடையது?

"மத்த மாத்திரையெல்லாம் வீட்ல இருக்குக்கா. இந்த மூணாவது மட்டும் ரெண்டு அட்டை குடுங்க."

தமிழ்நாட்டில் மருந்துக்கடை கவுண்டரில் ஆறு மாதம் நின்ற எவருக்கும் இந்தப் பேச்சு பழகியிருக்கும். சீட்டில் ஐந்து மருந்துகள் எழுதியிருக்கும். இரும்புச்சத்துக்கு ஒன்று, வாயுத்தொல்லைக்கு ஒன்று, வைட்டமின் ஒன்று, நடுவில் நைட்ரஸெபாம் என்ற தூக்க மாத்திரை. வந்தவர் அந்த ஒன்றை மட்டும், பெயரும் மில்லிகிராமும் பிசகாமல் கேட்பார். பில் வேண்டாம் என்பார். நாலு காசு கூடப் போனாலும் பரவாயில்லை என்பார். சற்றுத் தள்ளி, பைக்கை அணைக்காமல் இன்னொருவர் காத்திருப்பார்.

சீட்டில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடிப்பது இங்கே பெரிய வித்தை இல்லை. அனுபவமுள்ள கடைக்காரர்கள் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 10 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வேறு மையில் ஒரு சுழி சேர்ந்திருக்கும். கடலூர் ஆளுக்குச் சேலத்து டாக்டர் சீட்டு எழுதியிருப்பார். மூன்று வெவ்வேறு நோயாளிகள் பெயரில் ஒரே கையெழுத்தில் சீட்டுகள் வரும். டேபென்டடால் என்ற வலி மாத்திரை கேட்பவர் கூடவே சிரிஞ்சும் டிஸ்டில்டு வாட்டரும் கேட்பார். இதற்கெல்லாம் தனிப் பயிற்சி தேவையில்லை. கண்டுபிடித்த பிறகு வாயைத் திறந்து என்ன சொல்வது என்ற இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சொல்கிற விதம் பிசகினால் கடைக் கண்ணாடி உடைகிறது. மாத்திரை தர மறுத்த ஊழியர் தாக்கப்பட்ட செய்திகள் நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் எத்தனையோ முறை வந்துவிட்டன.

இது ஏதோ நாலு தெருப் பையன்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மருத்துவக் காரணமில்லாமல் தூக்க, அமைதி மருந்துகளை உட்கொள்பவர்கள் சுமார் 1.18 கோடி பேர் என்றது அது. இந்த மருந்துகள் காட்டில் விளைவதில்லை, கள்ளச் சாராயம் போலக் கொல்லைப்புறத்தில் காய்ச்சப்படுவதும் இல்லை. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு தொழிற்சாலை, ஒரு பேட்ச் எண், ஒரு ஸ்டாக்கிஸ்ட், ஒரு பில் உண்டு. வழியில் எங்கோ ஒரு கை அதைத் தவறான கைக்கு மாற்றிவிடுகிறது. டிரமடால் என்ற வலி மருந்து 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகு டேபென்டடால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மருந்தைப் பட்டியலில் சேர்ப்பதால் மட்டும் இது நிற்காது என்று தெரியும். கடைசியில் கவுண்டரில் நிற்கும் மனிதர்தான் தடுக்க வேண்டியிருக்கிறது.

'ஸ்டாக் இல்லை'

இதற்கு நம் கடைகளின் கைவசம் உள்ள பதில் "ஸ்டாக் இல்லை." கேட்டவருக்கு அவமானம் இல்லை, சொன்னவருக்கு உடனடி ஆபத்து இல்லை. புதிதாகச் சேரும் ஊழியருக்கு முதலாளி முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

இந்தப் பதிலை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். பொய் சொல்லலாமா என்ற நீதிப் பாடத்துக்காக எதிர்க்கவில்லை. அந்தப் பொய் பயன்படுவதில்லை என்பதுதான் காரணம். இன்று இல்லை என்றால் "நாளைக்கு வந்துடுமா?" என்பார். நாளைக்கும் ஒரு பொய் வேண்டும். அவர் நிற்கும்போதே பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு அதே அட்டையை எடுத்துக் கொடுக்க நேர்ந்தால் குட்டு அங்கேயே வெளிப்பட்டு, சண்டையும் அங்கேயே ஆரம்பிக்கும். இதற்கு அஞ்சி கடைக்காரர் அடுத்த படிக்குப் போகிறார். அந்த மருந்தை வாங்கி வைப்பதையே நிறுத்திவிடுகிறார். இப்போது பொய் சொல்லத் தேவையில்லை, கடையில் நிஜமாகவே ஸ்டாக் இல்லை.

அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்குக் குளோபசாம் தேடி மூன்றாவது கடைக்கு நடக்கும் தாய். புற்றுநோய் வலிக்கு டிரமடால் எழுதி வாங்கிய சீட்டோடு பஸ் ஏறும் முதியவரின் மகன். பதற்ற நோய்க்கு நெடுநாளாக அல்பிரசோலம் சாப்பிடுபவருக்கு அது திடீரென்று நின்றால் கை நடுங்கும், இரவெல்லாம் விழித்திருக்க நேரும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அவர் அடிமை ஆகிவிட்டாரா இல்லையா என்ற விவாதத்தை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதில் மருத்துவத்தில் இரண்டு கருத்து கிடையாது.

நாடு ஏற்கெனவே ஒருமுறை இப்படிச் சூடுபட்டிருக்கிறது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடுமையான தண்டனைக்கும் உரிம நடைமுறைக்கும் அஞ்சி மருத்துவமனைகளும் கடைகளும் மார்பினைக் கைகழுவின. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மருத்துவப் பயன்பாடு பெயரளவுக்குச் சுருங்கியது. கடத்தல்காரர்களை நோக்கி எழுதப்பட்ட சட்டம், சாவுப்படுக்கையில் வலியில் துடித்தவர்களைத் தண்டித்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய மருந்துகளுக்குத் தனி ஏற்பாடு செய்தார்கள். மருத்துவர்களின் மனதில் பதிந்த அச்சத்தைத் திருத்த எந்தத் திருத்தச் சட்டத்தாலும் முடியவில்லை.

ஆகவே மறுப்பவர் குறி பார்த்து மறுக்க வேண்டும். இந்தச் சீட்டை மட்டும், இந்த வேளையில் மட்டும், நிஜக் காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும்.

குறை காகிதத்தின் மேல்

நிஜக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-வது விதி, சீட்டு என்றால் என்னவென்று தெளிவாகச் சொல்கிறது. டாக்டர் கைப்படக் கையெழுத்திட்டுத் தேதி போட்டிருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும் வேண்டும். மொத்தம் எத்தனை, வேளைக்கு எவ்வளவு என்று இருக்க வேண்டும். திரும்ப வழங்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. கொடுத்ததும் கடையின் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே குறித்துவிட வேண்டும். டாக்டரின் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஹெச்1 பட்டியலில் அல்பிரசோலம், டயஸெபாம், நைட்ரஸெபாம், ஸோல்பிடெம், டிரமடால், கோடீன் எல்லாம் வருகின்றன. இவற்றை விற்றால் டாக்டர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு காக்க வேண்டும். கெட்டமின் போன்ற எக்ஸ் பட்டியல் மருந்துகளுக்குச் சீட்டு இரண்டு பிரதி, ஒன்று கடையிலேயே இரண்டு ஆண்டு இருக்க வேண்டும்.

இந்த விதிகளை இன்ஸ்பெக்டர் வரும்போது காட்டும் சடங்காக மட்டும் பார்ப்பதுதான் நாம் செய்யும் பிழை. ஒவ்வொரு விதியும் கவுண்டரில் நிற்பவருக்குப் பேசக் கிடைத்த ஒரு வாக்கியம். "இதுல தேதி இல்லைங்க. தேதி இல்லாத சீட்டுக்கு இந்த மாத்திரையை நான் தர முடியாது. டாக்டர்கிட்ட போட்டு வாங்கிட்டு வாங்க, தரேன்." இந்தப் பேச்சில் யாரும் திருடன் ஆகவில்லை. குறை காகிதத்தின் மேல் போய்விட்டது. நேர்மையான நோயாளிக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. அதே வாக்கியம் மோசடிக்காரருக்கும் போய்ச் சேரும், ஆனால் சண்டை போட அவருக்குப் பிடி கிடைக்காது.

சீட்டு எல்லா அம்சமும் பொருந்தி, இருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால்? அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும் என்பது என் எண்ணம். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன், ரெண்டு நிமிஷம் உக்காருங்க." இதில் மறுப்பும் கிடையாது, குற்றச்சாட்டும் கிடையாது. உண்மையான நோயாளி உட்காருவார், அல்லது "கேளுங்க, நம்பர் தரட்டுமா?" என்பார். போலியாக அடித்த சீட்டோடு வந்தவர் பெரும்பாலும் "பரவால்ல, அப்புறம் வரேன்" என்று சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். மறுக்கும் வேலையை அவரே செய்துவிடுகிறார். முகம் கெடவில்லை, குரல் உயரவில்லை.

ஒரு எச்சரிக்கை. சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் போடக் கூடாது. லெட்டர்பேடையே போலியாக அடிப்பவர்கள் கூட்டாளியின் எண்ணையும் அதில் அடித்துவிடுவார்கள், மறுமுனையில் "ஆமா, நான்தான் எழுதினேன்" என்று ஒரு குரல் கம்பீரமாகப் பேசும். டாக்டரின் பதிவு எண்ணை மருத்துவ கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். மருத்துவமனை எண்ணைத் தனியே தேடி எடுக்கலாம். போனில் கேட்கும்போதும் "இது போலிதானே?" என்று ஆரம்பிக்கத் தேவையில்லை. "உங்க பேஷன்ட் இன்னார் வந்திருக்காங்க, முப்பது மாத்திரைன்னு இருக்கு, சரிதானா சார்?" என்றால் போதும். சரி என்று டாக்டர் சொல்லிவிட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். சந்தேகப்பட்டதற்குச் சாட்சியாகக் கடுகடுப்பைக் கூடக் கட்டிக் கொடுப்பது சில கடைகளின் கெட்ட வழக்கம். டாக்டரைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லலாம். "டாக்டர் எடுக்கல. காலைல கேட்டு வச்சிடறேன், வாங்க."

வாட்ஸ்அப்பில் வரும் சீட்டின் படம் தனிப் பிரச்சினை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறை, போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளையும் எக்ஸ் பட்டியல் மருந்துகளையும் போனில், வீடியோவில் பார்த்து எழுதுவதைத் தடை செய்தது. ஆகவே செல்போனைக் கவுண்டரின் மேல் வைத்து "இதப் பாருங்க, டாக்டர் அனுப்பிட்டாரு" என்பவருக்குப் பதில் தயாராக இருக்கிறது. "இந்த மாத்திரைக்குக் கைச்சீட்டு வேணும்ங்க, போட்டோ செல்லாது."

சொல்லக் கூடாதவையும் உண்டு. "போலி" என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. சீட்டு சரியாக இருந்து உங்கள் சந்தேகம் தவறாக இருந்தால் அது ஒரு நோயாளிக்குச் செய்த அவமரியாதை, அவர் மறுபடி எந்தக் கடையிலும் தலைநிமிர்ந்து சீட்டை நீட்ட மாட்டார். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி மருந்தின் பெயரைச் சொல்லக் கூடாது. வயதில் எவ்வளவு சிறியவரானாலும் 'நீ', 'வா', 'போ' என்று இறங்கக் கூடாது. பத்தொன்பது வயதுப் பையனிடம் 'வாங்க தம்பி' என்று தொடங்கிய பேச்சு 'என்னடா' என்று திரும்பும் நொடியில்தான் கை ஓங்கப்படுகிறது. சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் கிழிப்பதும் வீரம் போலத் தோன்றும், அது அடிதடிக்கு விடுக்கும் அழைப்பு. நீண்ட விளக்கமும் ஆபத்து. நான்கு காரணம் சொன்னால் நான்குக்கும் எதிர்வாதம் வரும். ஒரே வாக்கியத்தை அதே குரலில் மூன்று முறை சொல்பவரிடம் வாதாட முடியாது. "அக்கா, ஒரே ஒரு அட்டைக்கா." "புரியுதுங்க. சீட்டுல தேதி இல்லாம தர முடியாது." "எப்பவும் இங்கதாங்க்கா வாங்கறேன்." "புரியுதுங்க. தேதி இல்லாம தர முடியாது."

கத்தியைக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். எந்த அட்டையும் ஓர் உயிருக்கு ஈடில்லை. அவர்கள் போன பிறகு 100-க்கோ 112-க்கோ பேசலாம்.

சிரிஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை, எனக்கே மனம் முழுதாகத் தெளியாத இடம் இது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் சேர்க்கும் மாவுப் பொருள்கள் ரத்தக் குழாயை அடைக்கின்றன, நுரையீரலில் படிகின்றன. அதற்காகச் சிரிஞ்சை மறுத்தால், ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்கிறார்கள். எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சி-யும் அந்த வழியில் பரவுகின்றன. அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே ஊசி போடுவோருக்குப் புது ஊசி வழங்குவது இதனால்தான். மாத்திரையை மறுப்பதுபோல ஊசியையும் கண்ணை மூடிக்கொண்டு மறுத்துவிட முடியாது என்பதுவரை எனக்கு நிச்சயம்.

பாட்டியின் அரை மாத்திரை

மறுப்பதில் மிகக் கடினமானது பைக்கில் வருபவரிடம் இல்லை. "அம்மாவுக்குப் பத்து வருஷமா இதுதான் தம்பி, ராத்திரி அரை மாத்திரை போட்டாத்தான் தூங்குவாங்க" என்று மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டை நீட்டும் மகளிடம்தான். எழுதிய டாக்டர் ஊர் மாறிப் போயிருப்பார், சில சமயம் உலகத்தை விட்டே போயிருப்பார். சீட்டு சட்டப்படி செல்லாது. அந்த மகளிடம் மோசடி எண்ணம் துளியும் கிடையாது. கடைக்காரருக்கு அந்தக் குடும்பத்தை இருபது ஆண்டாகத் தெரியும்.

பெரும்பாலான கடைகள் இங்கே பேசாமல் கொடுத்துவிடுகின்றன. போதைக்காக வருபவர்கள் இந்த வழியையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள், பாட்டியின் பழைய சீட்டு பேரன் கையில் வருகிறது. கண்டிப்பான சில கடைகள் முகத்தில் அடித்தாற்போல மறுக்கின்றன. இரண்டும் தவறு. இங்கே மறுப்போடு ஒரு வழியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. அதே சமயம் இந்தச் சீட்டுக்கு நான் தரவும் முடியாது. நாளைக்குக் காலைல அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காமிங்க. மூணு மாசத்துக்குத் திரும்ப வழங்கலாம்னு எழுதித் தரச் சொல்லுங்க. அப்புறம் மாசா மாசம் நீங்க அலைய வேண்டாம்." திரும்ப வழங்கலாம் என்று எழுதும் வாய்ப்பு விதியிலேயே இருக்கிறது. டாக்டர்கள் அதை எழுதுவதில்லை, நோயாளிக்கு அது தெரியாது, மருந்தாளுநர் சொல்வதில்லை. இந்த ஒன்று நடந்தால், மருந்துக்கடைகளில் நடக்கும் 'பழக்கத்துக்குக் கொடுப்பது' கணிசமாகக் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

போதைக்காக வருபவரும் ஒரு நோயாளிதான். அவரிடமும் ஒரு வழி சொல்லலாம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் அச்சிட்ட ஒரு சிறு அட்டையைக் கவுண்டரில் வைத்திருக்கலாம். யார் கையிலும் திணிக்க வேண்டாம். எடுக்க விரும்புகிறவர் எடுத்துக்கொள்வார்.

யார் சொல்வது?

இதுவரை எழுதியதெல்லாம் ஒரு மருந்தாளுநர் கவுண்டரில் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியது. அங்கேதான் என் கவலை எல்லாம் வந்து நிற்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் உங்கள் தெரு மருந்துக்கடைக்குப் போய்ப் பாருங்கள். நிற்பது யார்?

பல கடைகளில் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கும், அதில் உள்ள முகம் கடையில் இருக்காது. 1948-ம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை என்கிறது. சான்றிதழை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவது ஊரறிந்த விஷயம். கவுண்டரில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் நிற்பார். அட்டையின் நிறத்தையும் அலமாரியின் இடத்தையும் வைத்து மருந்து எடுக்கப் பழகியவர். மாதச் சம்பளத்தில் வீடு நடக்கிறது. கல்லாவில் முதலாளி இருந்தால் உண்டு, சாப்பிடப் போயிருந்தால் அதுவும் இல்லை. இந்தப் பெண்தான் இரண்டு இளைஞர்களை நிமிர்ந்து பார்த்து "தர முடியாதுங்க" என்று சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

எந்தத் தைரியத்தில் அவர் சொல்வார்? கொடுத்தால் சட்டப்படி தவறு என்பது அவருக்கு அரைகுறையாகத் தெரியும். கொடுக்காமல் அனுப்பி, அந்த ஆள் உண்மையான வாடிக்கையாளராக இருந்துவிட்டால், "வர்ற வியாபாரத்தைத் துரத்துறியா?" என்று முதலாளி கேட்பார். டாக்டருக்குப் போன் செய்தால் "உங்க பார்மசிஸ்ட் யாரு?" என்பார் டாக்டர். மறுபடி மறுபடி அதே வாக்கியத்தைச் சொல் என்று மேலே நான் எழுதினேனே, அந்த அமைதி தன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற நிச்சயத்திலிருந்து வருவது. தனியாக நிற்பவருக்கு அது வராது. அவர் "ஸ்டாக் இல்லை" என்பார், அல்லது எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டுக்கும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருந்துக்கடை உரிமையாளர்கள் சொல்வதும் காதில் விழுகிறது. மாத்திரை வெளிமாநிலத்திலிருந்து ரயிலிலும் கூரியரிலும் மொத்தமாக வருகிறது, அதைப் பிடிப்பது போலீஸ் வேலை, எங்கள் சின்னக் கடையைப் பிடித்து உலுக்குவதில் என்ன நியாயம் என்கிறார்கள். ரயிலில் வருவது உண்மை. அதனால் கடையில் கைமாறும் அட்டை சுத்தமாகிவிடாது.

பல மாவட்டங்களில் ஆட்சியர்களின் உத்தரவுப்படி மருந்துக்கடைகளில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கேமரா, நடந்ததை மறுநாள் காட்டும். அந்தப் பெண்ணுக்காக அந்த நிமிடத்தில் அது பேசாது. அமெரிக்காவில் சீட்டு எழுதும் டாக்டருக்கு இணையான பொறுப்பு அதற்கு மருந்து வழங்கும் மருந்தாளுநருக்கும் உண்டு என்று மத்திய விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு நிற்காமல், இந்த நோயாளி சமீபத்தில் எந்தக் கடையில் எத்தனை வாங்கினார் என்று கணினியில் பார்க்கும் பதிவேட்டை அநேகமாக எல்லா மாநிலங்களிலும் ஏற்படுத்தினார்கள். அங்கே மருந்தாளுநர் திரையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். நம் ஹெச்1 பதிவேடு அந்தக் கடையின் மேசையை விட்டு நகர்வதில்லை. ஒரே சீட்டு காலையில் ஒரு கடை, மதியம் இன்னொரு கடை என்று சுற்றினாலும், முதல் கடைக்காரர் சீட்டில் முத்திரை குத்தாமல் விட்டால் அடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. அந்த முத்திரையைக் குத்த வேண்டும் என்று 65-வது விதி சொல்லியும் குத்தாத கடைகளே அதிகம். பில்லே போடாத இடத்தில் முத்திரையை எங்கே தேடுவது?

கணினிப் பதிவேடு என்றைக்கோ வரட்டும். இன்றைக்கே உரிமையாளர் செய்யக்கூடியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. இந்த மருந்துகளை முன் அலமாரியிலிருந்து எடுத்துப் பூட்டிய பீரோவில் வைத்து, சாவியை மருந்தாளுநரிடம் மட்டும் கொடுக்கலாம். "சாவி அவர்கிட்ட இருக்கு, காலைல பத்து மணிக்கு வருவாரு" என்று ஊழியர் சொல்லும்போது அது பொய்யாக இருக்காது, அவரை மிரட்டியும் பயன் இருக்காது. எந்தெந்த மருந்துக்குக் கைச்சீட்டு கட்டாயம், எதற்கு டாக்டரிடம் கேட்ட பிறகே வழங்கப்படும் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட அறிவிப்பைக் கவுண்டரில் ஒட்டலாம். ஊழியர் விரலால் அதைக் காட்டினால் போதும், மறுப்பு அவருடையதாக இல்லாமல் கடையுடையதாகிவிடுகிறது. மறுத்ததால் போன வியாபாரத்துக்கு அவரைக் கேள்வி கேட்க மாட்டேன் என்று முதலாளி எல்லோர் முன்னிலும் ஒருமுறை சொல்ல வேண்டும். இது எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து எச்சரிக்கைக் குழு வைக்கும்போது, சீட்டின் மாதிரியையும் டாக்டர் பெயர் திருடப்பட்டதையும் பகிரலாம். சந்தேகப்பட்ட ஆளின் போட்டோவையும் பெயரையும் சுற்றுக்கு விடக் கூடாது. நாளை அவர் உண்மையான நோயாளி என்று தெரியவந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது.

டிப்ளமா மாணவர்களுக்கு 2020-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் சமூக மருந்தகம் என்ற பாடமும் அதில் நோயாளியோடு பேசும் முறையும் சேர்ந்திருக்கின்றன. படிப்பு முடித்ததும் கடையிலோ மருத்துவமனையிலோ 500 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அந்த 500 மணி நேரத்தில் ஒருமுறையாவது, ஒரு மாணவர் சீட்டை நீட்ட இன்னொரு மாணவர் அதை மறுத்துப் பேசிப் பழகட்டும். குரல் எங்கே உயர்கிறது, கை எங்கே நடுங்குகிறது என்று அங்கே தெரிந்துவிடும். பதிவு பெறாத உதவியாளர்களுக்கும் இதைச் சொல்லித்தர மருந்து வணிகர் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம். கவுண்டரில் பேசப்போவது அவர்கள்தான்.

மருந்துத் துறை ஆய்வுக்கு வருகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. கொள்முதல் பில்லையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சரி, அது பகல் பதினொரு மணிக்கு நடக்கிறது. அந்த நேரத்துக்கு மருந்தாளுநரைப் போன் போட்டு வரவழைத்துவிட முடியும். எட்டு மணிக்கு மேல் வாருங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம், தேதி இல்லாத சீட்டு வந்தால் என்ன சொல்வாய் அம்மா என்றும் கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் முதலாளியின் முகத்தைப் பார்த்தால், ஆய்வு அறிக்கையில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.